நவீனின் ஒத்திவைப்புக் கடிதம்: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

ராஜன் (இரவு 8:02): அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன் நவீனின் தேசிய சேவையை, அதாவது இரண்டு ஆண்டுக் கட்டாயப் படைச்சேவையை, நான்கு ஆண்டுகளுக்கு ஒத்திவைக்குமாறு சிங்கப்பூர்த் தற்காப்பு அமைச்சுக்கு எழுதியிருக்கும் கடிதத்தின் வரைவை மேலே இணைத்திருக்கிறேன். வெளிநாட்டு இசைக்கல்லூரி வயலின் பிரிவில் அவனுக்கு இடம் தந்திருக்கிறது. ஆனால், அந்த இடத்தை இரண்டு ஆண்டுகளுக்குக் காத்து வைத்திருக்க இயலாது என்றும் சொல்லிவிட்டது. நாளை காலை அனுப்ப வேண்டும். குறை இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

செல்வி (8:11): தம்பி, கடிதம் நன்றாக இருக்கிறது. நம் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு 2013-இல் ஒத்திவைப்புக் கொடுத்தார்கள். அவர் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்து, மைக்கேல் ஃபெல்ப்ஸையே பின்னுக்குத் தள்ளித் தங்கம் வாங்கினார். நீச்சலுக்குக் காட்டிய பரிவை வயலினுக்குக் காட்டக் கூடாதா?

கார்த்திக் (8:19): அத்தை, நவீன் எனக்குத் தம்பி, அவன் போக வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புலாவ் தேக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் என் பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருந்தான். தந்தை படுத்த படுக்கையாக இருந்ததால், சனிக்கிழமை முகாமிலிருந்து படகில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல், அனுமதி பெற்று வைத்திருந்த பகுதிநேர வேலைக்கு நேராகப் போவான். ஞாயிறு இரவு சீருடையை மடித்தபடியே உட்கார்ந்து தூங்கிவிடுவான். அவனுடைய இரண்டு ஆண்டுகளும் விலை மதிப்புள்ளவைதானே? அவன் பெயரில் யாரும் இப்படி அழகான கடிதம் எழுதவில்லை.

மாலதி (8:24): கார்த்திக், அந்தப் பிள்ளையின் கஷ்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், பதினெட்டு வயதில் கைவிட்டதை இருபது வயதில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத துறைகள் சில இருக்கின்றன. நவீன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தால், இடக்கை விரல்நுனிகளில் காய்ப்பு இளகிவிட்டது என்று ஒரு வாரம் முனகுகிறான். இரண்டு ஆண்டுகள் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

இளவேனில் (8:37): ராஜன் மாமா, கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒத்திவைப்பே ஒரு சலுகை என்று நாம் பயப்பட வேண்டியதில்லை. தொடக்கக்கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் பையன்கள் எல்லோருக்கும் படிப்பு முடியும்வரை அது வழக்கமாகவே கிடைக்கிறது. அதற்கு மேலே கேட்கும்போதுதான் கதவு சிறுத்துப்போகிறது. பென் டேவிஸ் என்ற கால்பந்து வீரர் 2018-இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் குழுவில் ஒப்பந்தமான பிறகும் அவருக்கு ஒத்திவைப்பு மறுக்கப்பட்டது. விளையாட்டுக்காக முந்தைய பதினைந்து ஆண்டுகளில் மூவருக்கு மட்டுமே அது தரப்பட்டதாக அமைச்சர் அப்போது நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் பதக்கம் வெல்லக்கூடியவரா என்பதே அவர்களுடைய அளவுகோல். அந்த அளவுகோலை வயலின் மீது வைத்தால் எதை அளக்கும்?

செல்வி (8:41): அதைத்தான் நானும் கேட்கிறேன். இசைக்கு ஒலிம்பிக் எங்கே இருக்கிறது?

மாலதி (8:49): தென்கொரியாவில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், அண்ணி. ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கமானாலும் சரி, ஆசிய விளையாட்டில் தங்கமானாலும் சரி, குறிப்பிட்ட அனைத்துலக இசைப்போட்டிகளில் முதல் இரண்டு இடங்களானாலும் சரி, சில வாரப் பயிற்சியோடு படைச்சேவை முடிந்துவிடும். அதன்பின் 34 மாதங்கள் தம் துறையிலேயே இருந்தபடி 544 மணி நேரம் பொதுத்தொண்டு செய்தால் போதும். 2015-இல் வார்சாவில் ஷோப்பான் போட்டியில் வென்ற பியானோக் கலைஞர் சோ சோங்-ஜின் அந்த வழியில் வந்தவர்தான்.

கார்த்திக் (8:58): சித்தி, அது ஒத்திவைப்பு அன்று, ஏறக்குறைய விலக்கு. அதனால்தான் அங்கே சண்டை ஓயவில்லை. 2018-இல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுக் கால்பந்து இறுதியாட்டத்தில், பந்து எந்த வலைக்குள் போகிறது என்பதைப் பொறுத்து, கால்பந்து வீரர் சன் ஹியுங்-மின்னுக்கு மூன்று வாரப் பயிற்சியா, இரண்டு ஆண்டுக்கு நெருக்கமான சேவையா என்று முடிவாகும் நிலை இருந்தது. உலகமெங்கும் அரங்கம் நிரப்பிய பிடிஎஸ் பாப் இசைக்குழுவினருக்கோ அந்தப் பட்டியலில் இடமே இல்லை. 2020-இல் சட்டத்தைத் திருத்தி முப்பது வயதுவரை தள்ளிப்போட மட்டும் வழி செய்தார்கள். 2022 டிசம்பரில் ஜின் படையில் சேர்ந்தார், மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். எனக்கு அதுதான் ஒழுங்காகத் தெரிகிறது: தள்ளிப்போடலாம், தட்டிக்கழிக்கக் கூடாது.

இளவேனில் (9:06): நம் ஊரில் இசைக்கலைஞர் என்றாலே பலருக்கு மெல்வின் டான் நினைவுக்கு வருகிறார், அது நவீனுக்கு உதவாத நினைவு. பன்னிரண்டு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பியானோக் கலைஞர் அவர். சேவைக்குத் திரும்பாமல் அங்கேயே குடியுரிமை பெற்றார். 2005-இல் இங்கே வந்தபோது நீதிமன்றம் 3,000 வெள்ளி அபராதத்தோடு விட்டுவிட்டது. சேவை செய்தவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் வந்த கோபத்தில், அதிகபட்ச அபராதம் 5,000 வெள்ளியிலிருந்து 10,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அவர் வாசித்த இசையை யாரும் குறை சொல்லவில்லை, மாமா. திரும்பி வராததைத்தான் பொறுக்க முடியவில்லை.

செல்வி (9:10): நம் நவீன் அப்படிச் செய்ய மாட்டான்.

கார்த்திக் (9:13): அத்தைக்குத் தெரியும், அமைச்சுக்கு எப்படித் தெரியும்? ஆயுதப்படையின் இசை நாடகக் குழுவில் சேர்ந்துகொண்டே பயிற்சி செய்ய முடியாதா என்றும் கேட்கிறேன். பின்லாந்தில் படைச்சேவைக்கு வரும் விளையாட்டு வீரர்களுக்குத் தனிப் பள்ளியும், வாத்தியம் வாசிப்பவர்களுக்குத் தனி இசைக்குழுவும் இருக்கின்றன.

மாலதி (9:16): அங்கே இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கிடைத்தாலும், கல்லூரி அவனுக்காகக் காத்திருக்காது.

தாத்தா (9:31): குழந்தைகளே, இந்தக் குழுவில் எல்லோரும் முழு வாக்கியத்தில் எழுதுவது மகிழ்ச்சி அளிக்கிறது, செல்வி மட்டும் இன்று சற்று அவசரப்படுகிறாள். 1967-இல் தேசிய சேவைக்கு முதன்முதலாகப் பதிவு செய்துகொண்ட ஏறத்தாழ 9,000 பேரில் நானும் ஒருவன். முழுநேரச் சேவைக்கு ஏறத்தாழ 900 பேரைத்தான் எடுத்தார்கள். எனக்கு வாய்த்தது மாலை நேரப் பயிற்சி. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் அணிவகுப்புக்குப் போவேன். முழுநேரம் போன என் நண்பன் எனக்கு அதிர்ஷ்டம் என்று சொன்னான், பொறாமைப்படவில்லை. அவனுக்குப் போனவர்கள் யார், போகாதவர்கள் யார் என்பது தெரிந்திருந்தது, ஒளிவுமறைவு இல்லை. ஆகையால், எல்லோருக்கும் ஒரே சுமை என்று கார்த்திக் சொல்வது தொடக்கத்திலேயே இருந்ததில்லை. பயலின் கருத்து என்ன? அவனைத் தவிர எல்லோரும் பேசிவிட்டோம்.

நவீன் (9:44): மன்னிக்கவும் தாத்தா, பயிற்சியில் இருந்தேன். அண்ணன் சொன்ன அந்தப் பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் போனால், நான்கு ஆண்டுகள் கழித்து இருபத்திரண்டு வயதில் அதே கட்டிலுக்கு வருவேன். பக்கத்தில் படுப்பவனுக்குப் பதினெட்டு இருக்கும். ஏன் தாமதமாக வந்தாய் என்று அவன் கேட்டால், இடம் போய்விடும் என்பதால் முதலில் படித்து முடித்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால், கடிதத்தின் மூன்றாம் பத்தியில் “நவீன் உலக அரங்கில் நாட்டிற்குப் பெருமை சேர்ப்பான்” என்று இருக்கிறதே, அதை அவனிடம் சொல்ல முடியாது. ஸ்கூலிங்கே டோக்கியோ ஒலிம்பிக்கில் 53.12 விநாடியில் நீந்தி முதல் சுற்றோடு வெளியேறினார். பெருமை வராவிட்டால் என் ஒத்திவைப்பு மோசடி ஆகிவிடுமா? அந்த வரியை எடுத்துவிடுங்கள், அப்பா.

மாலதி (9:47): அந்த வரியை எழுதியது நான்.

நவீன் (9:48): தெரியும், அம்மா.

இளவேனில் (9:55): அவன் சொல்வது சரி, அத்தை. டேவிஸ் விவகாரத்தில் அமைச்சர் எடுத்துச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஒத்திவைத்தால் எப்போது திரும்பி வந்து சேவை செய்வார் என்பதைத் தந்தை சொல்ல மறுத்தார் என்பது. நம் கடிதத்தில் ஆசிரியர்களின் பாராட்டு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. திரும்பும் நாள் எங்கேயும் இல்லை.

ராஜன் (10:12): மூன்றாம் பத்தியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக நவீன் தன் கைப்பட எழுதித் தந்தது இது: “படிப்பு முடியும் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்திற்குள் நான் நாடு திரும்பி, எந்தப் பிரிவுக்கு அனுப்பினாலும் சேவையில் சேர்வேன்.”

கார்த்திக் (10:15): இந்தக் கடிதத்தில் என் கையெழுத்து தேவைப்பட்டாலும் போடுவேன், சித்தப்பா.

தாத்தா (10:20): ஒற்றுப்பிழை இல்லை. ஆனால் ‘படிப்பு முடியும் ஆண்டு’ என்று சுற்றி வளைக்க வேண்டாம். ஆண்டை எண்ணால் எழுது.

ராஜன் (10:23): எழுதிவிட்டேன், அப்பா.