கல்யாண வீடியோ எடிட்டிங் சிஸ்டம்: கார்டை மாற்றவா, போர்டையே மாற்றவா?

பட்டுக்கோட்டை ஸ்டூடியோ:

எல்லோருக்கும் வணக்கம். மார்கழி பிறந்துவிட்டது, முகூர்த்தம் கிடையாது. வருஷத்தில் எனக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது இந்த ஒரு மாதம்தான். தை பிறப்பதற்குள் என் சிஸ்டத்தை ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

2020-ல் நானே பாகங்கள் வாங்கிப் பூட்டியது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 போர்டு, டிடிஆர்4 ராம் 8 ஜிபி இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. விண்டோஸும் ப்ரிமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரும் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி-யில். ஃபுட்டேஜ் எல்லாம் 4 டிபி ஹார்டு டிஸ்கில். ஐந்து வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தது.

போன ஆவணியில் செகண்ட் ஹேண்டில் ஒரு சோனி ஏ7 மார்க் 4 கேமரா வாங்கினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ப்ரிமியரில் டைம்லைனை ஓட்டினால் கெட்டிமேளம் தடையில்லாமல் கேட்கிறது, படம் மட்டும் நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை கையில் தாலி, சுற்றிலும் அட்சதை அந்தரத்தில் தொங்குகிறது. மூன்று வினாடி கழித்துப் பார்த்தால் நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு முடித்துவிட்டாள். நடுவில் எங்கே வெட்டுவது என்று குத்துமதிப்பாகத்தான் போகிறேன். பழைய கேமரா ஃபுட்டேஜ் இன்றைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

தஞ்சாவூரில் ஒரு கடையில் கேட்டேன். "கார்டு பத்தலை சார், ஆர்டிஎக்ஸ் 4070 போடுங்க, பறக்கும்" என்றார். இன்னொரு கடையில், "இதெல்லாம் பழைய இரும்பு, புது போர்டு, டிடிஆர்5 ராம்னு மொத்தமா மாத்திடுங்க" என்றார்கள். கையில் இருப்பது ஐம்பதாயிரம். ராம் இன்றைக்கு விற்கிற விலையில் டிடிஆர்5 பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. என்ன செய்யலாம்?

எஃப்பிஎஸ் தம்பி:

ப்ரோ, 2600-ஐத் தூக்கிட்டு 5700எக்ஸ் போடுங்க. அதே சாக்கெட், அதே 65 வாட், ஆறு கோருக்குப் பதில் எட்டு கோர். பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கிற சாஃப்ட்வேர்) அப்டேட் மட்டும் பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பண்ணிடுங்க. நான் அவசரத்தில் புதுசைப் பூட்டிட்டு, ஸ்கிரீன் வராமல் ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன்.

கோவை எடிட் டேபிள்:

பட்டுக்கோட்டைக்காரரே, காசை எடுக்காதீர்கள். முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கேமராவில் வீடியோ பதிவு முறையை எக்ஸ்ஏவிசி எஸ் என்று வைத்திருக்கிறீர்களா, எச்எஸ் என்றா? அதில் நிறப் பதிவு 4:2:2-வா, 4:2:0-வா? மெனுவைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பட்டுக்கோட்டை ஸ்டூடியோ:

எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4கே, 50பி, 200 எம், 4:2:2 10 பிட். விற்றவர் எப்படி வைத்திருந்தாரோ அப்படியே எடுக்கிறேன். எஸ்-லாக் என்கிற கலர் செட்டிங்கில் கலர் நன்றாக வரும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார்.

கோவை எடிட் டேபிள்:

நினைத்தேன். எனக்கும் இரண்டு வருஷம் முன்னால் இதே கதைதான். நான் காசைக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டேன்.

டைம்லைன் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டைச் சொடுக்குங்கள். வீடியோ டிகோட் என்று ஒரு கட்டம் இருக்கும். அது தரையோடு தரையாகப் படுத்திருக்கும், சிபியு மட்டும் 100-ல் முட்டிக்கொண்டு நிற்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். படத்தில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் தனித்தனியாகப் பதிவாகும், நிறத்தைப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். தெருக்குழாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 4:2:2 என்றால் இரண்டு வீட்டுக்கு ஒரு குழாய், 4:2:0 என்றால் நான்கு வீட்டுக்கு ஒரு குழாய். கிராஃபிக்ஸ் கார்டுக்குள், சுருக்கிப் பதிவான வீடியோவைப் பிரிப்பதற்கென்றே (டிகோட் என்பது இதுதான்) தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு. நீங்கள் எடுக்கிற எச்எஸ், எச்.265 என்கிற முறையில் சுருக்கிய வீடியோ. உங்கள் 1660 சூப்பரில் இருக்கிற அந்தப் பகுதிக்கு எச்.265-ல் 4:2:0 தெரியும், 4:4:4 கூடத் தெரியும், நடுவில் இருக்கிற 4:2:2 தெரியாது. அதனால் மொத்தச் சுமையும் பாவம் அந்த 2600 தலையில் விழுகிறது.

தஞ்சாவூரில் சொன்ன 4070-க்கும் இதே குறைதான். என்விடியாவில் 4:2:2-வைப் பிரிக்கிற வேலை ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது, அதாவது 2025-ல். 4070 வாங்கியிருந்தால் எஃபெக்ட், ரெண்டர் எல்லாம் வேகமாகும், அட்சதை அப்படியேதான் தொங்கும். என் மேஜையில் அப்படி ஒரு 40 வரிசைக் கார்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. கேமராவில் எச்எஸ்-லேயே 4:2:0 10 பிட் என்று ஒரு தேர்வு உண்டு, 150 எம். அதில் இரண்டு நிமிஷம் எடுத்து டைம்லைனில் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: எஸ்-ஸுக்கு மாற்றிவிடாதீர்கள். அது எச்.264. அதிலும் 4:2:2 10 பிட் வரும், அதைப் பிரிக்கப் பல இன்டெல் பிராசஸருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸுக்கும் தெரியாது.

எஃப்பிஎஸ் தம்பி:

அண்ணா, ஹார்டு டிஸ்க் ஸ்லோவா இருக்கலாம்ல? எஸ்எஸ்டி போட்டா?

கோவை எடிட் டேபிள்:

கணக்குப் போடு தம்பி. 200 மெகாபிட் என்றால் வினாடிக்கு 25 எம்பி. ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு 90 ஜிபி. ஹார்டு டிஸ்க் நேராக ஓடினால் 100 எம்பிக்கு மேல் கொடுக்கும், ஒரு கேமராவுக்குத் தாராளம். மூன்று கேமராவை மல்டிகேமில் போட்டால்தான் ஊசி அங்கும் இங்கும் ஓடித் திணறும். எஸ்எஸ்டி நல்லதுதான், இவர் வியாதிக்கு அது மருந்து இல்லை.

பட்டுக்கோட்டை ஸ்டூடியோ:

அண்ணா, பார்த்துவிட்டேன். வாசலில் வீட்டுக்காரம்மா கோலம் போடுவதை இரண்டு விதமாகவும் எடுத்தேன். ("எனக்கு இருக்கிற வேலையில இது வேறயா" என்று திட்டு தனி.) 4:2:2-வில் சிபியு 100, டிகோட் பூஜ்யம், மாவு விரலிலிருந்து இறங்கவே இல்லை. 4:2:0-வில் டிகோட் 40-க்குப் பக்கம், சிபியு 30-ஐத் தாண்டவில்லை. கோலம் புள்ளி புள்ளியாக வளர்கிறது! கலரில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும் எடுத்த ஒன்பது கல்யாணம் 4:2:2-வில் கிடக்கிறது. தவிர, தையிலிருந்து இன்னொரு ஸ்டூடியோவுக்கு எடிட்டிங் மட்டும் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கேனானில் எடுப்பதும் எச்.265 4:2:2-தான். மாற்றச் சொல்லிக் கேட்டேன், "உங்ககிட்ட சிஸ்டம் இல்லைன்னா சொல்லிடுங்க" என்று பதில் வந்தது. ஆக, ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும்.

இன்டெல் பக்தன்:

நம் வழிக்கு வாருங்கள். 11-ஆம் தலைமுறையிலிருந்தே இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ் எச்.265 4:2:2 10 பிட்டைப் பிரிக்கும். ஐ5-12500 ஒன்று, டிடிஆர்4 போடுகிற பி660 அல்லது பி760 போர்டு ஒன்று. உங்கள் ராம், கார்டு, பவர் சப்ளை, கேபினட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். 12400-ம் போதும்தான், ஆனால் அதற்குள் இருக்கிற கிராஃபிக்ஸ் யுஎச்டி 730. 12500-ல் யுஎச்டி 770. வீடியோ பிரிக்கும் எஞ்சின் முன்னதில் ஒன்று, பின்னதில் இரண்டு. இரண்டு மூன்று கேமரா அடுக்கும்போது அது உதவும்.

கடையில் "உங்ககிட்டதான் கார்டு இருக்கே" என்று விலை குறைத்து எஃப் போட்ட பிராசஸரை நீட்டுவார்கள். 12400எஃப் மாதிரி. வாங்கிவிடாதீர்கள், எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. உங்களுக்கு வேண்டியதே அதுதான். பூட்டிய பிறகு பயாஸுக்குள் போய், கார்டு இருந்தாலும் உள் கிராஃபிக்ஸ் வேலை செய்யும்படி வைக்க வேண்டும். பல போர்டில் மல்டி மானிட்டர் என்ற பெயரில் இருக்கும். என் நண்பன் இதைச் செய்யாமல் ஒரு மாதம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கோவை எடிட் டேபிள்:

பக்தர் சொல்வது சரி. புதிதாகப் பூட்டுகிறவர் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இவருக்குத் தை முகூர்த்தம் கழுத்தில் நிற்கிறது. போர்டு மாற்றினால் விண்டோஸ் முதல் ப்ளக்இன் வரை எல்லாம் திரும்பப் போட வேண்டிவரலாம். ஆர்டிஎக்ஸ் 5060 ஒன்றை மட்டும் வாங்கிப் பழைய கார்டு இருந்த இடத்தில் செருகினால் வேலை முடிந்தது. அது 145 வாட், 1660 சூப்பர் 125 வாட். இருக்கிற 550 வாட்டே போதும், அது ஒழுங்கான பவர் சப்ளையாக இருந்தால். பி450-ல் கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா போகிற பாதை பழைய பிசிஐ 3.0-தான், இந்தக் கார்டும் அதில் எட்டு லேன்தான் பயன்படுத்தும், கேம் ஆடுகிறவர்கள் அதற்காகக் கொஞ்சம் மூக்கைச் சுளிப்பார்கள். வினாடிக்கு 25 எம்பி வீடியோவுக்கு அது பெரிய விஷயமே இல்லை. எச்.264 4:2:2-வையும் இது பிரிக்கும். நாளைக்கு எந்த ஸ்டூடியோ எந்தக் கர்மத்தில் எடுத்துக் கொடுத்தாலும் பயமில்லை.

மீதிக் காசில் எஃப்பிஎஸ் தம்பி சொன்ன 5700எக்ஸ். தம்பி அன்றைக்கே பாதி சரியாகத்தான் சொன்னான். உங்கள் போர்டு அதை ஏற்குமா என்று போர்டு கம்பெனி தளத்தில் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸ் ஏற்றும்போது யுபிஎஸ்-ஸில் போட்டு ஏற்றுங்கள், உங்கள் ஊர் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, கேட்கவே சங்கடமாக இருக்கிறது. உங்கள் ப்ரிமியர் எந்த வருஷத்தது? 50 வரிசையின் 4:2:2-வைப் பழைய பதிப்புகள் தொடாது.

பட்டுக்கோட்டை ஸ்டூடியோ:

சங்கடமே வேண்டாம் அண்ணா, சந்தா கட்டித்தான் வைத்திருக்கிறேன். அப்டேட் கேட்டுக்கொண்டே இருந்தது, முகூர்த்த சீசனில் கை வைக்கக் கூடாது என்று விட்டிருந்தேன். நேற்று ராத்திரி போட்டுவிட்டேன்.

இன்டெல் பக்தன்:

5060-ல் 8 ஜிபி மெமரிதான், அதையும் சொல்லிவிடுங்கள்.

கோவை எடிட் டேபிள்:

சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4கே கல்யாணத்துக்கு ஓடும். நாய்ஸ் ரிடக்‌ஷனை நாலு லேயரில் அடுக்கினால் முட்டும். ஐம்பதாயிரத்துக்குள் இதுதான் கணக்கு.

பட்டுக்கோட்டை ஸ்டூடியோ:

தாமதத்துக்கு மன்னிக்கவும். சென்னைக்குப் போகிற வேலை இருந்தது, அப்படியே ரிச்சி ஸ்ட்ரீட்டில் இறங்கி 5060 மட்டும் வாங்கி வந்துவிட்டேன். கேபினட்டைத் திறந்தால் உள்ளே ஐந்து வருஷத் தூசி, ஒரு பல்லி முட்டை வேறு. துடைத்துப் பூட்டினேன். ஐப்பசியில் எடுத்த மன்னார்குடிக் கல்யாணத்தை ஓட்டினேன். மாப்பிள்ளை கை, தாலி, மூன்று முடிச்சு, ஒரு ஃபிரேம் நிற்கவில்லை. டிகோட் கட்டம் மேலே ஏறி நிற்பதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்று கேமரா மல்டிகேமில் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, 16 ஜிபி ராம் நிரம்பிவிடுகிறது. ராம் இப்போது வாங்க மனசு வரவில்லை, அதற்கு ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் லேசான நகல்) போட்டு ஓட்டிக்கொள்கிறேன். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கிறது. 5700எக்ஸ் முதல் தை முகூர்த்தத்துப் பாக்கி வசூலானதும். என் கேமராவையும் 4:2:0-விலேயே விட்டுவிட்டேன்.

இப்போது 1660 சூப்பரை மச்சினன் கேம் ஆடக் கேட்கிறான். அவனிடம் இருப்பது 350 வாட், பேரே தெரியாத பவர் சப்ளை. கொடுக்கலாமா அண்ணா?

கோவை எடிட் டேபிள்:

கார்டைக் கொடுங்கள். கூடவே நல்ல பவர் சப்ளை ஒன்றை அவன் காசில் வாங்கச் சொல்லுங்கள்.