ரிங் அப்ளிகேட்டரில் சோர்ஸ் 3 மி.மீ. தள்ளி நிற்கிறது: வியாழனுக்குள் உதவி வேண்டும்

களியக்காவிளை தாண்டி, கேரளப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஃபிசிசிஸ்டாக இருக்கிறேன். கம்பி நுனியில் உள்ள இரிடியம்-192 கதிரியக்கத் துகளை (சோர்ஸ்) உடலுக்குள் அனுப்பி, குறைந்த நேரத்தில் அதிகக் கதிர் கொடுக்கும் ஹெச்.டி.ஆர். இயந்திரம். பிராக்கிதெரபிக்கு (சோர்ஸைக் கட்டிக்கு அருகிலேயே நிறுத்தித் தரும் கதிர் சிகிச்சைக்கு) வருபவர்களில் பெரும்பாலோர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உள்ளவர்கள். குழித்துறை, நெய்யாற்றின்கரை என இரண்டு பக்கத்து ஆட்களும் வருகிறார்கள்.

புதிதாக டாண்டம்-ரிங் அப்ளிகேட்டர் செட் வந்திருக்கிறது: கர்ப்பப்பைக்குள் போகும் குழாய் டாண்டம், அதன் வாயில் உட்காரும் வளையக் குழாய் ரிங், சோர்ஸ் இவற்றின் வழியே போகும். யாருக்கும் போடும் முன் ஆட்டோரேடியோகிராஃப் (சோர்ஸ் நிற்கும் இடத்தை அதன் கதிரே ஃபிலிமில் பதிக்கும் படம்) எடுத்துப் பார்த்தேன். அப்ளிகேட்டரை கதிர் பட்டால் கறுக்கும், எக்ஸ்ரேக்கான கேஃப்குரோமிக் ஃபிலிமில் டேப் போட்டு ஒட்டினேன். உள்ளே டம்மி மார்க்கர் கம்பியை (கதிரியக்கம் இல்லாத, எக்ஸ்ரேயில் நிழல் விழும் கம்பி) விட்டு, நிழல் தெளியும்வரை பல ஷாட் கொடுத்தேன். பிறகு எதையும் அசைக்காமல் கம்பியை உருவிவிட்டு அதே ஃபிலிமில் சோர்ஸை அனுப்பினேன். டாண்டத்தில் கறுப்புப் பொட்டுகள் மார்க்கர் நிழலின் மேலேயே வந்து உட்கார்ந்தன. ரிங்கில் மட்டும் நுனிப் பொட்டு 3 மி.மீ. பின்தங்கி, ரிங் தண்டோடு சேரும் கழுத்துப் பக்கம் விழுந்திருக்கிறது. அனுமதி ±1 மி.மீ. தானே? மூன்று முறை எடுத்தும் அதே கதை. இயந்திரத்தையும் அப்ளிகேட்டரையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் டியூப் நீளம் தப்பாக இருக்குமா? வியாழக்கிழமை அருமனையிலிருந்து ஒரு அம்மா வருகிறார். 7 கிரே வீதம் நான்கு முறை, இது அவருக்கு முதல் முறை.

பதில்

தம்பி, ஒன்று சொல்லுங்கள். எல்லாப் பொட்டும் 3 மி.மீ. தள்ளியிருக்கிறதா, நுனியில் மட்டுமா? டியூப் நீளம் தப்பென்றால் எல்லாமே ஒரே அளவு தள்ளும்.

கேட்டவர்

இப்போதுதான் அளந்தேன் அண்ணா. நுனியில் 3, பாதி வளைவில் ஒன்றரை, கழுத்தருகில் வித்தியாசமே தெரியவில்லை.

பதில்

அப்போது டியூப் இல்லை, வளைவுதான். ரிங்கின் உள்துளை சோர்ஸ் கம்பியைவிட அகலம். தள்ளும்போது கம்பி வெளிச்சுவரை ஒட்டி வளைகிறது. பாதை நீண்டுவிடுவதால், குறித்த நீளம் போன பிறகும் கோணத்தில் பின்தங்கும். டம்மி கம்பி வேறு மாதிரி வளையும், அதை நம்பிப் பாதை வரையக் கூடாது. சோர்ஸைப் போகும் வழியில் நிறுத்தும் இயந்திரமும் உண்டு, திரும்பும் வழியில் நிறுத்தும் இயந்திரமும் உண்டு. அதனால் அடுத்த ஊர்க்காரர் அளந்த எண்ணை எடுத்துப் போடாதீர்கள்.

ஃபிலிமை ஸ்கேன் செய்து, பொட்டுகள் விழுந்த இடத்தையே பிளானிங் மென்பொருளின் அப்ளிகேட்டர் லைப்ரரியில் சோர்ஸ் பாதையாக ஏற்றுங்கள். ஒவ்வொரு ரிங் அளவுக்கும் கோணத்துக்கும் தனி ஃபிலிம். 3 மி.மீ. தானே என்று விட முடியாது. ஒரே புள்ளி சோர்ஸ் என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. தூரத்தில் இருந்த மலக்குடல் சுவருக்கு அது 7 மி.மீ. ஆகும்போது டோஸ் இரண்டு மடங்கு. முழு பிளானில் இவ்வளவு ஏறாது. ஆனாலும் மலக்குடல், சிறுநீர்ப்பை இரண்டுக்கும் 2 சி.சி. டோஸை (அதிகக் கதிர் படும் 2 சி.சி. பகுதிக்கான டோஸ்) புதுப் பாதையில் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொரு பதில் (பாலக்காட்டிலிருந்து)

அண்ணன் சொன்னது ஃபிலிம் மேஜையில் நடக்கும் பிழை. நான் அதிகம் பயப்படுவது சி.டி.க்கும் சிகிச்சை அறைக்கும் நடுவில் நடப்பதைத்தான். டிராலியில் மாற்றும்போது அப்ளிகேட்டர் நழுவும், அதை அசையாமல் பிடிக்க வைத்த துணி பேக்கிங் தளரும். நாங்கள் தொடையோரம் தோலில் ஒரு மை அடையாளம் வைத்து, அங்கிருந்து அப்ளிகேட்டர் கழுத்துவரை ஸ்கேலில் அளந்து எழுதிவைக்கிறோம். சோர்ஸை இணைக்கும் முன் அதே அளவை மறுபடி பார்ப்போம். சந்தேகம் வந்தால் சி-ஆர்மில் (நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே கருவி) ஒரு படம். உங்கள் சி.டி. 3 மி.மீ. ஸ்லைஸ் என்றால் அதையும் 1 மி.மீ. ஆக்குங்கள் தம்பி, இல்லாவிட்டால் நுனி எங்கே என்பதே தெரியாது.

சோர்ஸ் உள்ளே இருக்கும்போதே பார்க்கவும் வழி உண்டு. நோயாளிக்குக் கீழே ஃபிளாட் பேனல் டிடெக்டர் வைத்தால், சோர்ஸ் விடும் காமா கதிரே அதில் விழுந்து ஒவ்வொரு நிறுத்தமும் பதிவாகும். எங்களிடம் இல்லை. ஆசை இருக்கிறது.

கேட்டவர்

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று இரவு புதுப் பாதையை ஏற்றி, இன்னொரு ஃபிலிம் எடுத்தேன். பிளானும் பொட்டுகளும் அரை மி.மீ.க்குள் சேர்கின்றன. டாக்டரிடமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியான ஆர்.எஸ்.ஓ.விடமும் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். இன்று அந்த அம்மாவுக்கு 1 மி.மீ. ஸ்லைஸில் சி.டி. எடுத்தோம். மை அடையாளத்திலிருந்து 42 மி.மீ. அறைக்குள் கொண்டுபோய் அளந்தபோதும் 42. இருந்தும் சி-ஆர்மில் ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் சோர்ஸை அனுப்பினேன். மீதி ரிங்குகளுக்கு நாளை முதல் ஃபிலிம் எடுக்கிறேன்.