எக்ஸிஃப்டூல்: 47ஆம் மாதம் எப்படி வந்தது?

கேள்வி
வணக்கம். மார்கழி முழுக்க அம்மா வாசலில் போட்ட கோலங்களை விடியலில் படம் எடுத்தேன். கார்டிலிருந்து லேப்டாப்புக்குக் காப்பி செய்து, ஃபோனில் எடுத்த 14 எம்பி4 வீடியோக்களையும் அதே இடத்தில் போட்டு, நாளுக்கு ஒரு ஃபோல்டர் வருமாறு எக்ஸிஃப்டூலை (படத்துக்குள் பதிவான தேதி போன்ற விவரங்களைப் படித்து, கோப்புகளை அடுக்க உதவும் மென்பொருள்) ஓட்டினேன். எந்த ஃபோல்டர் என்று சொல்லும் டைரக்டரி டேகுக்கு டேட்டைம்ஒரிஜினல், அதாவது படம் எடுத்த நேரம். தேதியின் வடிவம் ஆங்கிலத்தில் பெரிய ஒய், பெரிய எம், சிறிய டி. வந்ததோ 2024-47-21, 2024-03-21 என்று நூற்றுக்கணக்கான ஃபோல்டர்கள்! 2024-12-21 இருக்கிறது, ஆனால் அதில் மூன்றே படங்கள். வீடியோக்கள் அசையவே இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, அடுத்த மார்கழியில் இப்படி உட்கார்ந்து போடுவாரா தெரியாது. படங்கள் போய்விட்டனவா?

பதில் 1
பயப்படாதீங்க தம்பி, எதுவும் போகவில்லை. பெரிய எம் என்றால் நிமிடம், சிறிய எம்தான் மாதம். உங்கள் 2024-12-21 கூட டிசம்பர் இல்லை, ஏதோ ஒரு மணி 12 நிமிடத்துக்கு எடுத்த படங்கள். தேதி ஒவ்வொரு படத்துக்குள்ளும் அப்படியே இருக்கிறது. சிறிய எம் போட்டு, உள் ஃபோல்டர்களையும் பார்க்கும் சிறிய ஆர் ஆப்ஷனுடன் மறுபடி ஓட்டுங்கள். ஒரே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் எக்ஸிஃப்டூல் அதன்மேல் எழுதாது, பழைய இடத்திலேயே விட்டுவிடும். காலி ஃபோல்டர்களை நீங்கள்தான் அழிக்க வேண்டும். அதுவரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

பதில் 2
வீடியோ விஷயம். எம்பி4இல் பெரும்பாலும் டேட்டைம்ஒரிஜினல் இருக்காது, கிரியேட்-டேட் (கோப்பு உருவான நேரம்)தான் இருக்கும். இரண்டையும் கொடுங்கள், டேட்டைம்ஒரிஜினல் கடைசியில் வரட்டும். இரண்டும் இருக்கும் கோப்பில் பின்னால் வருவதுதான் செல்லும்.

அப்புறம் ஒன்று, இது கோலத்துக்கென்றே வந்த சிக்கல். ஃபோன் வீடியோவில் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) பதிவாகும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 5:10க்கு எடுத்தது முந்தைய நாள் இரவு 11:40 ஆகி, முந்தைய நாள் ஃபோல்டருக்குப் போய்விடும். எக்ஸிஃப்டூலின் ஏபிஐ ஆப்ஷனில் குவிக்டைம்யுடிசி என்ற அமைப்பைச் சேர்த்தால், லேப்டாப்பின் நேர மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளும். லேப்டாப் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேட்டவர்
சரியாகிவிட்டது அண்ணா! டிசம்பர் 16 முதல் ஜனவரி 13 வரை நாளுக்கு ஒரு ஃபோல்டர். வீடியோக்களும் அந்தந்த நாளில் உட்கார்ந்துவிட்டன. வைகுண்ட ஏகாதசி ஃபோல்டரைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். "இழை ஒன்று கோணலா இருக்கே" என்று திரையில் விரல் வைத்தார். இருவருக்கும் ரொம்ப நன்றி.