நெல் மஞ்சளானால் செயலியைக் கேட்டு மருந்தடிக்கலாமா?

கேள்வி (முரசுமோட்டை விவசாயி):
இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகம் செய்யும் எங்கள் பகுதியில், பயிர் மஞ்சளானதும் பிள்ளைகள் கைபேசியில் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, அது சொல்வதையே செய்கிறார்கள். விவசாயப் போதனாசிரியரை அழைப்பாரில்லை. என் பயம் வீணானதா?

பதில் 1 (ஓய்வுபெற்ற போதனாசிரியர், கிளிநொச்சி):
வீணன்று, ஐயா. நைதரசன் குறைந்தாலும் பயிர் மஞ்சளாகும்; அடித்தண்டில் சாறு உறிஞ்சும் கபிலநிறத் தத்தி என்ற பூச்சியாலும் மஞ்சளாகும். மேலிருந்து எடுத்த படத்தில் அடித்தண்டு தெரியாதபடியால், செயலி முதலாவதையே ஊகித்து யூரியா இடச் சொன்னால், மிகையான நைதரசன் தத்தியை மேலும் பெருகச் செய்யும். பின்னர் பதறிக் கண்ட பூச்சிகொல்லியையும் அடித்தால், தத்தியைத் தின்னும் சிலந்திகளும் அழிந்துவிடும். பயிரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள்; அந்த வேலையைக் கைபேசி செய்யாது.

பதில் 2 (விவசாய பீட மாணவி, வவுனியா):
தவறானதையும் செயலி தயங்காமல் எழுதுவதுதான் சிக்கல். 2023இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் இருவர், சட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி கற்பனையாகத் தந்த வழக்குகளை நீதிமன்றில் சமர்ப்பித்து 5,000 டொலர் தண்டம் பெற்றார்கள். இலங்கையில் தடைசெய்யப்பட்ட பரகுவாட் என்ற களைகொல்லியைக்கூட, பிறநாட்டுத் தகவலை வைத்து அது பரிந்துரைக்கக்கூடும். ஆயினும் மருந்துப் போத்தலின் ஆங்கிலச் சொற்களை விளங்கிக்கொள்ள நான் அதையே நாடுகிறேன். அளவை மட்டும் சுட்டுத்துண்டில் நேரில் பார்ப்பேன்.

கேட்டவர்:
நன்றி. நாளை மகனையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்குகிறேன். தத்தி இருந்தால் கமநல சேவை நிலையத்துக்கு அறிவிப்போம்.