திருகோணமலையில் ஆறு நாள்: 18-135 சூமா, 35 பிரைமா?

தேயிலைச்சரிவு எழுதியது:

வணக்கம். ஆகஸ்ட் நடுப்பகுதியில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஹற்றனிலிருந்து திருகோணமலைக்கு ஆறு நாள் பயணமாக வருகிறேன். கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை, உப்புவெளி, நிலாவெளி, புறாமலைத் தீவு, கன்னியா வெந்நீரூற்று ஆகிய இடங்களோடு, கடல் இடம்கொடுத்தால் திமிங்கிலம் பார்க்கவும் ஒரு நாள் படகில் போக எண்ணியிருக்கிறோம். என்னிடம் ஏ.பி.எஸ்.-சி. எனப்படும் சற்றுச் சிறிய சென்சர் (படம் பதியும் தகடு) கொண்ட ஒரு பழைய கமராவும், அதனுடன் வந்த 18-55 லென்ஸும், பின்னர் வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. இன்னும் ஒரு லென்ஸ் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறேன். 18-135 சூம் (18 முதல் 135 மி.மீ. வரை மாற்றக்கூடியது), 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் (மாறாத ஒரே அளவு கொண்டது), 55-250 தொலைவு லென்ஸ் ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்பதுதான் என் கேள்வி. என்னுடன் வேலை செய்யும் ஒருவர், இருப்பதையெல்லாம் விற்றுவிட்டு பெரிய சென்சர் கொண்ட ஃபுல் ஃபிரேம் கமராவும் 24-70 எஃப் 2.8 லென்ஸும் வாங்கச் சொல்கிறார். அந்த ஊரிலேயே நின்று படம் எடுப்பவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.

உப்புக்காற்று எழுதியது:

தங்கச்சி, யோசிக்காமல் 18-135ஐ வாங்குங்கள். நான் சொல்லும் காரணம் படத்தின் தரத்தைப் பற்றியதல்ல, ஆகஸ்ட் மாதத்துத் திருகோணமலையைப் பற்றியது. அந்த மாதத்தில் இங்கே கச்சான் காற்று வீசும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வரும் அந்த வறண்ட காற்று, பத்து மணிக்குப் பிறகு நிலாவெளிக் கடற்கரையின் மெல்லிய மணலைக் கணுக்கால் உயரத்துக்குக் கிளப்பிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றுவது, கமராவின் வாயைத் திறந்து மணலுக்குக் காட்டுவதற்குச் சமம். சென்சரில் ஒட்டிய தூசி, வெளிச்சம் புகும் துவாரத்தை எஃப் 11க்கோ 16க்கோ (எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) சுருக்கி வானத்தை எடுக்கும்போது கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கும் வேலை எவ்வளவு சலிப்பானது என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

நானும் ஒரு காலத்தில் இரண்டு பிரைம் லென்ஸ்களோடு திரிந்தவன்தான். ஒருநாள் உப்புவெளியில் மீனவர் வாடி ஓரமாக நின்று அவசரமாக மாற்றியபோது, கையிலிருந்த லென்ஸ் ஈரமணலில் விழுந்தது. துடைத்துவிட்டேன், கண்ணாடியில் கீறல் எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பியபோது உள்ளே நறநற என்று கேட்ட சத்தம், திருத்தக் கொடுத்து வாங்கிய பிறகும் முழுதாகப் போகவில்லை. அன்றிலிருந்து கடற்கரைக்கு ஒரு கமரா, ஒரு லென்ஸ் என்பதை விதியாக வைத்திருக்கிறேன். விரிந்த கடற்கரையிலிருந்து தூரத்து வள்ளம் வரை ஒரே லென்ஸில் எடுக்க வேண்டுமென்றால் 18-135தான் அதற்கு ஏற்றது.

கரைவலை எழுதியது:

உப்புக்காற்று அண்ணா மணலைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவை ஏற்க முடியவில்லை. இந்தச் சகோதரியிடம் ஏற்கெனவே 18-55 இருக்கிறது. 18-135 வாங்கினால் அவருக்குப் புதிதாகக் கிடைப்பது 55க்கும் 135க்கும் இடைப்பட்ட தூரம் மட்டும்தான். அந்தத் தூரம் அவருக்கு எங்கே தேவைப்படப் போகிறது என்று ஒவ்வோர் இடமாக எண்ணிப் பாருங்கள். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பழகியவை. கைக்கெட்டும் தூரத்துக்கே வந்து நிற்கும். கன்னியாவின் ஏழு கிணறுகளையும் அவற்றின் விளிம்பில் நின்றே எடுக்கலாம். கோயில் வீதியிலும் அப்படித்தான். இந்த ஊரில் பெரும்பாலானவற்றுக்கு நாம் அருகில் போகலாம், நம்மைப் போகவும் விடுவார்கள்.

அவரிடம் இல்லாதது வெளிச்சம். 18-135ஐ 35 மி.மீ. நிலையில் வைத்தால் ஏறத்தாழ எஃப் 4 அளவுக்குத்தான் திறக்கும். 35 மி.மீ. எஃப் 1.8 அதைவிட ஏறத்தாழ 5 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சூம் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. (சென்சரின் ஒளியுணர்வு; கூடினால் படம் மணல்மணலாகும்) 8000 கேட்கும் ஒரு காட்சியைப் பிரைமில் 1600இல் எடுத்துவிடலாம். பழைய கமராவில் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

நான் கரைவலை இழுப்பதைப் பல பருவங்களாகப் படமெடுத்து வருகிறேன். விடியுமுன் வலையை வளைத்துவிட்டால், சூரியன் எழும் ஆறு மணியை ஒட்டி இரு கயிறுகளும் கரையை நோக்கி வரத் தொடங்கும். கிழக்கே கடல் என்பதால் கரையில் நின்று எடுத்தால் எல்லோரும் நிழலுருவாகத்தான் விழுவார்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்து நில்லுங்கள். இழுப்பவர்களின் முகத்தில் முதல் வெயில் மஞ்சளாக விழும். கயிற்றைப் பிடித்திருக்கும் விரல்களுக்கிடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், கயிறு பட்டுப் பட்டு உள்ளங்கை வெளுத்துக் காய்ந்திருப்பதும், இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கு ஏற்ப எல்லாத் தோள்களும் ஒரே நேரத்தில் பின்னுக்குச் சாய்வதும் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து தெரியும். அந்தத் தூரத்தில் உங்கள் கமராவில் 50 மி.மீ. லென்ஸ் 1.4 மீட்டர் அகலத்தை மட்டுமே பிடிக்கும். ஒரு ஆள் கைகளை விரித்தாலே சட்டம் நிறைந்துவிடும். 35 மி.மீ. லென்ஸ் 2 மீட்டர் பிடிக்கும், அதில் இரண்டு பேரும் அவர்களுக்கிடையே ஓடும் கயிறும் அடங்கும். முதலில் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மீன் சேரும் மடி கரைக்கு வந்த பிறகு குறுக்கே நிற்காதீர்கள்.

உப்புக்காற்று எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லும் கரைவலைப் படம் பல நாள் போய்ப் பழகியவருக்குக் கிடைப்பது. ஆறு நாளில் வந்து போகும் ஒருவருக்கு, அதுவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருபவருக்கு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்க நேரம் இருக்குமா? பயணத்தில் காட்சி நமக்காகக் காத்திருப்பதில்லை, நாமும் நினைத்த இடத்துக்கு நகர முடிவதில்லை. சூம் லென்ஸ் அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே இருக்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்துக்கு 18-135இல் அசைவைக் கட்டுப்படுத்தும் பொறி உண்டு. மூச்சைப் பிடித்து நின்றால் ஒரு வினாடியின் எட்டில் ஒரு பங்கிலும் கோயில் தூண்களைத் தெளிவாக எடுக்கலாம்.

கரைவலை எழுதியது:

தூண்களை எடுக்கலாம் அண்ணா, தூண்கள் அசைவதில்லை. அந்தப் பொறி நம் கையின் நடுக்கத்தை அடக்குமே தவிர, எதிரில் இருப்பவரின் அசைவை அடக்காது. மாலைப் பூசை முடிந்து கற்பூரத் தட்டு வெளியே வரும்போது, கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைகளை எடுக்க ஒரு வினாடியின் 125இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்குத் திறந்த துவாரம்தான் உதவும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கருவறையை எடுக்க முயல வேண்டாம். எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக்கூடாது என்பதைக் கோயிலில் உள்ளவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதன்படி நடந்துகொள்ளுங்கள்.

ஃபுல் ஃபிரேம் யோசனைக்கும் இதையொட்டிப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய சென்சர் இருமடங்குக்குச் சற்றுக் கூடுதலான பரப்பைக் கொண்டது, எஃப் 2.8ஐவிட எஃப் 1.8 ஏறத்தாழ 2.4 மடங்கு வெளிச்சத்தை விடுகிறது. ஆகவே இரவுப் படங்களுக்கு அந்தப் பெரிய செலவால் கிடைக்கும் ஆதாயத்தை ஒரு சிறிய 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய ஈடுசெய்துவிடும். 24-70 எஃப் 2.8 லென்ஸ்களில் பல, கமராவைச் சேர்க்காமலே 700 முதல் 900 கிராம் வரை எடையுள்ளவை. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை ஏற்றத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போகும் ஒருவருக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

ஆழி எழுதியது:

இருவரும் திமிங்கிலத்தை மறந்துவிட்டீர்கள். அருகில் போகலாம் என்ற தம்பியின் வாதம் அங்கே செல்லாது, போகவும் கூடாது. படகு 100 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் இந்தச் சகோதரியின் கமராவில் 55 மி.மீ. லென்ஸ் 42 மீட்டருக்கும் அதிகமான அகலத்தைப் பிடிக்கும். 135 ஏறத்தாழ 17 மீட்டரையும், 250 ஏறத்தாழ 9 மீட்டரையும் பிடிக்கும். 24 மீட்டர் நீளமுள்ள ஒரு நீலத்திமிங்கிலத்தின் வால் ஏறத்தாழ 6 மீட்டர் அகலம் இருக்கும். 55இல் அது சட்டத்தின் ஏழில் ஒரு பங்கு, 135இல் மூன்றில் ஒரு பங்கு, 250இல் மூன்றில் இரண்டு பங்கு. வால் மேலே எழுந்து மறைவதற்கு ஆகும் நேரம் சில வினாடிகள்தான். ஆகவே நான் 55-250ஐத்தான் சொல்வேன்.

ஷட்டர் வேகத்தை ஒரு வினாடியின் 1000இல் ஒரு பங்கைவிட மெதுவாக்காதீர்கள். ஆடும் படகில் லென்ஸின் பொறியை நம்புவதைவிட ஷட்டரை நம்புவது நல்லது. கமராவைக் கழுத்தில் மாட்டி, அதன்மேல் ஒரு தடித்த பொலித்தீன் பையை லென்ஸின் முனை மட்டும் வெளியே தெரியும்படி ரப்பர் வளையத்தால் கட்டிவிடுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். உலர்ந்த துணியை முதலில் எடுத்தால் உப்புப் பரலே லென்ஸைக் கீறும்.

தேயிலைச்சரிவு எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. ஆழி அக்கா சொன்ன ஒரு காலைப் பொழுதுக்காக 55-250ஐ வாங்கினால், மீதி ஐந்து நாளும் அது பையிலேயே இருக்கும். அந்தக் கடல் பயணமும் உறுதியில்லை; அம்மாவுக்குப் படகு ஒத்துக்கொள்ளுமோ தெரியவில்லை. நான் முக்கியமாக எடுக்க விரும்புபவை இரண்டு. ஒன்று, கோணேசர் கோயிலில் அம்மா. சம்பந்தர் பாடிய தலத்தைப் பார்க்க வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். மற்றது, கோட்டை வாசல் கல்லில் உள்ள இரட்டை மீன் சின்னமும் தமிழ் எழுத்துகளும். அந்தக் கல்வெட்டுக்கு எந்த லென்ஸ் ஏற்றது?

கரைவலை எழுதியது:

அந்தக் கல்வெட்டுக்கு உங்களிடம் இருக்கும் 50 மி.மீ. லென்ஸே மிகப் பொருத்தமானது, புதிதாக எதுவும் வேண்டாம். அங்கே லென்ஸைவிட வெளிச்சம் விழும் கோணம்தான் முக்கியம். நேரே விழும் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து கல்லோடு கல்லாகிவிடும். ஒரு சிறிய டோர்ச் கொண்டுபோய், கல்லின் பரப்பை உரசுவதுபோல் பக்கவாட்டிலிருந்து அம்மாவைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து மீனின் உருவம் மேலெழும். துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கி, கமராவைக் கல்லுக்கு நேர் இணையாகப் பிடியுங்கள். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் வாசலில் நிற்பவர்களிடம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். டிரோன் எண்ணம் இருந்தால் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுவரவே வேண்டாம்.

உப்புக்காற்று எழுதியது:

கல்வெட்டு விடயத்தில் தம்பி சொல்வது சரி. டோர்ச் யோசனையை நானும் செய்து பார்க்கிறேன். வெளிச்சத்தைப் பற்றி அவர் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கடற்கரையில் லென்ஸ் மாற்றக்கூடாது என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் 35ஐ வாங்குவதென்றால், அன்றைக்குப் போகும் இடத்துக்கு எந்த லென்ஸ் என்பதைத் தங்கும் அறையிலேயே முடிவுசெய்து மாட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கள், திரும்பி வரும்வரை கழற்றாதீர்கள். கரைவலைக்கும் மாலைக் கோயிலுக்கும் 35, கன்னியாவுக்கும் நிலாவெளிக்கும் 18-55 என்று பிரித்துக்கொள்ளலாம். புறாமலைக்கு இரண்டுமே வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது தண்ணீருக்குள் இருக்கிறது, அதற்கு நீர்புகாத சிறிய கமரா ஒன்று வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் போதும்.

18-55க்கு ஒரு போலரைசர் வடிகட்டி வாங்குங்கள். சுவாமிமலை உச்சியில் நின்று காலையில் நேரே கிழக்கே பார்த்தால் சூரியன் எதிரே இருப்பதால் வானத்துக்கு அது பயன்படாது. சூரியனுக்குச் செங்கோணமாக, வடக்கே பேக் பே பக்கமோ தெற்கே டச் பே பக்கமோ திரும்பி அதைச் சுழற்றினால் வானம் அடர்நீலமாகும். பாறையடியில் உள்ள தண்ணீரைச் சாய்வாகப் பார்த்துச் சுழற்றினால் மேற்பரப்பின் பளபளப்பு விலகி, மூழ்கியிருக்கும் பாறைகள் தெரியத் தொடங்கும். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கற்களைக் கண்டது அந்த அடிவாரக் கடலில்தான். போலரைசர் பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் மாலையில் கழற்றிவிடுங்கள்.

தேயிலைச்சரிவு எழுதியது:

35 மி.மீ. எஃப் 1.8ஐயே வாங்குகிறேன், மீதிப் பணத்தில் ஒரு போலரைசரும். படகு நாள் அமைந்தால் 50 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு, வால் சிறியதாக விழுந்தாலும் பரவாயில்லை என்று கடலோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: நாங்கள் தங்கும் அறை குளிரூட்டப்பட்டது. விடியற்காலையில் அங்கிருந்து நேரே கரைவலைக்குப் போனால் லென்ஸில் பனி படியாதா?

ஆழி எழுதியது:

கட்டாயம் படியும், அரைமணி நேரம் எதுவும் தெரியாது, துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். கமராவை இரவு குளிர் அறைக்குள் வைக்காதீர்கள். பாதுகாப்பான இடமாக இருந்தால் குளியலறையை ஒட்டிய குளிரூட்டாத பகுதியில் பையோடு வையுங்கள். அப்படி இடமில்லையென்றால், ஐந்து மணிக்கு எழுந்ததும் பையைத் திறக்காமல் வெளி விறாந்தையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள். நீங்கள் வெளிக்கிடும்போது அதுவும் வெளிச்சூட்டுக்கு வந்திருக்கும்.