ஆசியப் பிரிமுலாவும் எங்கட வெயிலும்: வளர்த்தவை சொல்லுங்கோ

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

போன வருசம் சித்திரையில நுவரெலியா போனனாங்கள். சீத்தா எலியா அம்மனைக் கும்பிட்டு, ஹக்கல பூங்காவையும் ஒரு சுத்துச் சுத்திட்டு வரேக்க, ரோட்டோரக் கன்றுக் கடையொண்டில பிரிமுலா ஒப்கோனிக்கா ரெண்டு சட்டி வாங்கினன். வட்ட இலை. தண்டு நுனியில குடை விரிச்ச மாதிரி இளஊதாப் பூ. அவ்வளவு வடிவு! பிரிமுலா எண்டா ஐரோப்பாப் பூ எண்டுதான் அதுவரை நினைச்சிருந்தன். இது சீனத்துச் செடி. 400க்கு மேற்பட்ட பிரிமுலா இனங்களில பெரும்பங்கு இமயமலையிலயும் மேற்குச் சீனாவிலயும்தான் இருக்கு எண்டதைப் பிறகுதான் படிச்சன்.

திரும்பி வரேக்க, நாங்கள் வந்த வான் மாங்குளம் தாண்டேக்கயே இலை தொங்கிப்போச்சு. வீட்டில வடக்கு விறாந்தையில வெயில் படாமல் வைச்சு, கிணத்துத் தண்ணி விட்டன். ரெண்டு கிழமையில நரம்பு மட்டும் பச்சையா நிக்க, இலை மஞ்சளாப் போச்சு. எங்கட தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது. அப்பிடித் தண்ணி விட்டா ஒப்கோனிக்காவால மண்ணில இருக்கிற இரும்புச்சத்தை எடுக்க ஏலாது. மாரியில பிடிச்சு வைச்ச மழைத்தண்ணி கொஞ்சம் இருந்தது. அதை ஊத்த, வந்த புது இலை பச்சையா இருந்தது. ஆனா சோளகக் காத்துத் தொடங்க ரெண்டும் அழுகிச் செத்துது.

இதை எழுத வந்த காரணம் வேற. வாடின பூவைக் கிள்ளிற நாளெல்லாம் பின்னேரம் விரலிடுக்கு சிவந்து, நீர்க்கொப்புளம் போட்டுக் கடிக்கும். சவர்க்காரம் எண்டு நினைச்சு சவர்க்காரத்தை மாத்தினன். பாத்திரம் கழுவிற பவுடரை மாத்தினன். மருந்து கட்டினவருக்கும் விளங்கேல்லை. செடி செத்து ஒரு மாசத்தில கை தானா ஆறிச்சு. அந்தச் செடியின்ர இலையிலயும் தண்டிலயும் இருக்கிற நுண்ணிய மயிரில பிரிமின் எண்டொரு பொருள் இருக்கு, அதுதான் வேலை காட்டினது. எல்லாருக்கும் வராது, ஆனா உடம்பு ஒருக்கா அதைப் பழகிட்டுதெண்டா பிறகு தொடத்தொட வரும். பிரிமின் இல்லாத 'டச் மீ' எண்ட வகை இருக்கு. எது எண்டு தெரியாட்டி, சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ.

உரும்பிராய்

அக்கா, நான் விதையில தொடங்கினனான். கனடாவில இருக்கிற மச்சாள் பிரிமுலா மலகோய்டெஸ் விதை அனுப்பினவ. யுன்னான் பக்கத்துச் செடி. விதை தூசி மாதிரி. மேல மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட வேணும். ஐப்பசிக் கடைசியில, மழை பிடிச்ச பிறகு போட்டன். முளைச்சது ஒன்பது. தையில இலை எல்லாம் நல்ல கொழுப்பு, மொட்டு ஒண்டும் இல்லை. மாசியும் போச்சு. பங்குனி வெயிலுக்கு ஒவ்வொண்டாப் போய் முடிஞ்சுது.

பிறகுதான் காரணம் பிடிபட்டது. இரவு 10 பாகையை ஒட்டிக் குளிர்ந்தா அது தடையில்லாமல் மொட்டு வைக்கும். சூடு ஏற ஏற இலையாவே நிண்டிடும். எங்கட ஊரில 20 பாகைக்குக் கீழ இறங்கிறதே அருமை. திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போக நாங்கள் சால்வை தேடுற குளிர் அதுக்குக் கோடை.

இப்ப பிரிமுலா கியூவென்சிஸ் விதை தேடுறன். லண்டன் கியூ தோட்டத்தில, 19ஆம் நூற்றாண்டு முடியிற நேரம், தானாப் பிறந்த கலப்பு அது. தாய் இமயமலை அடிவாரத்து புளோரிபண்டா, தகப்பன் யேமன் மலையின்ர வெர்டிசிலாட்டா. முதல்ல 18 குரோமோசோமோட மலடா இருந்து, பிறகு ஒரு கிளையில 36 ஆகி விதை கட்டத் தொடங்கினது. யேமன் எண்ட பேரைக் கேட்டு ஆசைப்படுறன், ஆனா அதுவும் மலைதான் எண்டது தெரியும்.

லண்டன் (ஊர் கொக்குவில்)

பிள்ளையள், நான் இங்க சட்டியில வளர்க்கிறது பிரிமுலா சீபோல்டி. ஜப்பான்காரர் சகுராசோ எண்டுவினம், எடோ காலத்தில (1603-1868) இருந்து நூற்றுக்கணக்கில வகை பிரிச்சு வளர்க்கினம். முதல் வருசம் கோடையில இலை முழுக்கக் காய்ஞ்சு விழ, செத்துப்போச்செண்டு சட்டியைக் கொட்டப் போனனான். அது உறக்கம். மண்ணைக் கிளறினா வேர்த்தண்டு உயிரோட இருந்தது. மண்ணை முழுக்கக் காய விடாமல் நிழலில வைச்சா மாசியில முளை எடுக்கும்.

ஆறாம் வருசம் துணிஞ்சு கண்காட்சிக்குக் கொண்டுபோனன். ஐரோப்பாவுக்கு வெளிய பிறந்த பிரிமுலாவுக்கெண்டு தனிப் பிரிவு இருந்தது. அங்க போனபிறகுதான் சட்டியின்ர விளிம்பில பாசி பிடிச்சிருந்ததைக் கண்டன். நடுவர் பூவை மட்டும் பாக்கிறேல்லை. பழுத்த இலை, சட்டியின்ர சுத்தம், பூ எல்லாம் ஒரே பருவத்தில நிக்குதோ எண்டதெல்லாம் பாப்பினம். பரிசு கிடைக்கேல்லை. எண்டாலும் என்ர சட்டிக்கு முன்னால நிண்டு படம் எடுத்தவையை இன்னும் மறக்கேல்லை.

ஜப்பானில இதைக் காட்டுறது ஐஞ்சு படி வைச்ச, கூரை போட்ட தட்டில. படத்தில பாத்த உடன எங்கட அம்மா நவராத்திரிக்கு வைக்கிற கொலுதான் ஞாபகம் வந்தது.

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

உறங்கிற செடி எண்டா, அக்கா, நான் அழுகிப்போச்செண்டு கொட்டின சட்டியையும் ஒருக்கா கிளறிப் பாத்திருப்பன். ஆனா ஒப்கோனிக்கா அப்பிடி வேர்த்தண்டில உறங்காது, என்ன? வாற சித்திரையில கையுறையோடதான் ஹக்கல போறன். வாங்கிறதுக்கு இல்லை, படியில இருந்து பாக்க.