கிரேடு ஆர் பிள்ளையின் லஞ்ச் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது, எதை முதலில் மாற்றுவது?

தேவி, டோங்காட்
வணக்கம். மகளுக்கு 5 வயது, கிரேடு ஆர் (தென்னாப்பிரிக்காவில் ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு). காலையில் ஒரு கிளாஸ் பால் மட்டும் குடித்துவிட்டுப் போகிறாள். 10 மணி இடைவேளைக்கு உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய 2 ரொட்டி, ஒரு முழு ஆப்பிள், 200 மில்லி ஜூஸ் வைக்கிறேன். காலியாவது ஜூஸ் மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் சிப்ஸ் கேட்கிறாள். இரவில் கீரை, பீன்ஸ் பக்கமே போவதில்லை. "ரெண்டு வாய் சாப்பிட்டா சாக்லேட்" என்று சொல்லித்தான் ஊட்டுகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?

வகுப்பறை ஆசிரியை, சாட்ஸ்வொர்த்
தேவி அக்கா, முதலில் அளவைக் குறையுங்கள். இடைவேளையில் உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், பிறகு விளையாட ஓடிவிடுவார்கள். 2 ரொட்டியைப் பார்த்ததும் மலைத்துப்போய் எளிதான ஜூஸை எடுத்துக்கொள்கிறாள். ஒரு ரொட்டி போதும். அதையும் நான்காக வெட்டி, மசாலாவைச் சுண்ட வதக்கி வையுங்கள். ஈரமாக இருந்தால் 10 மணிக்குள் ரொட்டி ஊறிப் பிய்ந்துவிடும்.

முழு ஆப்பிளை இந்த வயதில் பாதிக்கு மேல் கடிக்க மாட்டார்கள். துண்டு போட்டு, ஒரு கப் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புக் கலந்து 5 நிமிடம் போட்டுத் துடைத்து வைத்தால் கறுக்காது. திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

டப்பாவை அவளே திறக்கிறாளா என்று வீட்டில் பாருங்கள். மூடி இறுக்கமாக இருந்து, டீச்சரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, திறக்காமலே திருப்பிக் கொண்டுபோகிற பிள்ளைகள் நிறைய.

குழந்தை உணவு ஆலோசகர், டர்பன்
ஜூஸை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். 200 மில்லி பழச்சாற்றில் சுமார் 20 கிராம் சர்க்கரை, அதாவது 5 தேக்கரண்டி. இங்கே தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரலில் வந்த சர்க்கரை வரி, 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள குளிர்பானங்களுக்குப் பொருந்தும். 100% பழச்சாறுக்கு அந்த வரி இல்லை, அதனால் அதில் சர்க்கரை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

சாக்லேட் பேரம்தான் எனக்குப் பெரிய கவலை. கீரை ஒரு தண்டனை, சாக்லேட் ஒரு பரிசு என்று பிள்ளை மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு கீரையைக் கண்டாலே வாயை மூடுவாள். என்ன சமைப்பது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்; எவ்வளவு என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். அவள் விரும்புகிற பருப்புச் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு மேசைக்கரண்டி கீரை இருக்கட்டும், எதுவும் சொல்லாதீர்கள். புதிய காய் பழகுவதற்கு 10, 15 தடவை தட்டில் வர வேண்டியிருக்கும். மூன்றாவது தடவையிலேயே "அவளுக்குப் பிடிக்காது" என்று விட்டுவிடுகிற வீடுகள்தான் அதிகம்.

பள்ளி விட்டு வந்ததும் உண்மையான பசி இருக்கும். அப்போது சிப்ஸ் கொடுத்தால் இரவுச் சாப்பாடு போச்சு. அவித்த சர்க்கரைவள்ளி, முட்டை, மாஸ் (இங்கே கிடைக்கும் புளித்த பால், தயிர் மாதிரி) கொடுங்கள். அதற்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் 2 மணி நேரம் தண்ணீர் மட்டும். பால் நாளுக்கு 500 மில்லியைத் தாண்டினால் வேறு எதற்கும் வயிற்றில் இடம் இருக்காது. சாப்பாட்டோடு டீ வேண்டாம், பீன்ஸிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேராமல் தடுக்கும். கொய்யாவோ ஆரஞ்சோ கொடுத்தால் நன்றாகச் சேரும்.

சமையல்காரர், ஐசிபிங்கோ
பீன்ஸைத் தொடாத பிள்ளைக்குக் கட்லெட்டாகக் கொடுத்துப் பாருங்கள். சுகர் பீன்ஸை (புள்ளிபோட்ட காய்ந்த பீன்ஸ் விதை) 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு குழைய வேகவையுங்கள். சரியாக வேகாவிட்டால் வாந்தி வரும். வெந்தது 1 கப், அவித்த உருளைக்கிழங்கு 1, துருவிய கேரட் 2 மேசைக்கரண்டி, ரொட்டித்தூள் 2 மேசைக்கரண்டி, சீரகம், கொஞ்சம் உப்பு. பிசைந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகு தட்டுங்கள், 8 வரும். உடைந்துபோனால் பீன்ஸில் தண்ணீர் வடியவில்லை என்று அர்த்தம்.

சூடாக வைத்து மூடாதீர்கள், வேர்த்துக் கெட்டுப்போகும். நன்றாக ஆறட்டும். தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி இரவே உறையவைத்து, காலையில் மீதியை ஊற்றி டப்பாவை ஒட்டி வையுங்கள். பிப்ரவரி வெயிலுக்கு இது கட்டாயம்.

தேவி, டோங்காட்
நன்றி. ரொட்டிக்குப் பதில் பீநட் பட்டர் சாண்ட்விச் வைக்கலாமா?

வகுப்பறை ஆசிரியை, சாட்ஸ்வொர்த்
முதலில் பள்ளியில் கேளுங்கள் அக்கா. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தாலும் கொண்டுவர விடமாட்டார்கள். அனுமதி இருந்தால் மெல்லிசாகத் தடவுங்கள், கட்டியாக இருந்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.